சதுரம் ஒரு செவ்வகமா?

ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் ஒரு முக்கோணம் வரையுங்கள். பக்கத்தில் ஒரு சதுரமும் வரையுங்கள். வரைந்து முடித்த பிறகு மேலே படியுங்கள்.

நீங்கள் வரைந்த முக்கோணத்தின் ஒரு பக்கம் பெரும்பாலும் தாளின் அடி விளிம்புக்கு இணையாகப் படுத்திருக்கும். எதிர் உச்சி மேல்நோக்கி நிற்கும். பக்கங்கள் ஏறக்குறையச் சமமாக இருக்கும். சதுரமும் தரையில் வைத்த பெட்டியைப் போல நிமிர்ந்தே நிற்கும். ‘ஒரு முக்கோணம்’ என்றுதான் நாம் சொன்னோம். ஒல்லியாகச் சாய்ந்த முக்கோணம், தலைகீழாக நிற்கும் முக்கோணம், விரிகோணம் உள்ள முக்கோணம் என எதை வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம். ஆனாலும் கை தானாக ஒரே வடிவத்தை நோக்கிப் போகிறது.

இப்போது தாளை 45 பாகை திருப்புங்கள். உங்கள் சதுரம் ஒரு மூலையில் நிற்கிறது. அது இன்னும் சதுரம்தானா? நீங்கள் புன்னகை செய்யலாம். ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பில் கேட்டுப் பாருங்கள். “இல்லை, இது சாய்சதுரம்” என்று உறுதியோடு சொல்லும் குழந்தைகளைக் காண்பீர்கள்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. சதுரம் ஒரு செவ்வகமா? ஆம் அல்லது இல்லை என்று தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அந்த விடைக்கு நாம் பிறகு திரும்பி வருவோம்.

இந்தச் சிறு சோதனைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. வடிவ கணிதத்தை மாணவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? நாளை அவர்களுக்குக் கற்பிக்கப் போகும் ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் அதை எந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்? இந்தத் துறையில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற கோட்பாடு ஒன்று உண்டு. அது எதைச் சரியாகச் சொல்கிறது, எங்கே தடுமாறுகிறது, அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இரண்டு ஆசிரியர்களின் ஐயம்

நெதர்லாந்து நாட்டில் பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே-ஹெல்டாஃப் என்ற கணவன் மனைவி இருவரும் உயர்நிலைப் பள்ளிகளில் கணிதம் கற்பித்து வந்தார்கள். எவ்வளவு எளிமையாக விளக்கினாலும் சில பாடங்கள் மாணவர்களுக்கு ஏறுவதில்லை. சில காலம் கழித்து அதே மாணவர்கள் “இது இவ்வளவு எளிதானதா? ஏன் இவ்வளவு சுற்றி வளைத்துச் சொன்னீர்கள்?” என்று கேட்பார்கள். ஆசிரியரின் விளக்கம் மாறவில்லை. மாணவரின் சிந்தனைதான் ஒரு படி ஏறியிருந்தது. இந்த அனுபவத்தை இருவரும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு, 1957-ஆம் ஆண்டில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தனித்தனியே முனைவர் பட்ட ஆய்வேடுகளை அளித்தார்கள். அதன் பிறகு சிறிது காலத்தில் டீனா மறைந்துவிட்டார். 1909-இல் பிறந்து 2010 வரை வாழ்ந்த பியர், அந்தக் கருத்துகளைத் தொடர்ந்து வளர்த்தார்.

டீனாவின் ஆய்வேடு வகுப்பறையிலேயே பிறந்தது. ஏறத்தாழ 12 வயது மாணவர்களுக்குத் தேற்றங்களோடு அவர் பாடத்தைத் தொடங்கவில்லை. தளக்கற்களோடு தொடங்கினார். எந்த வடிவக் கற்களைக் கொண்டு இடைவெளியில்லாமல் தளம் பாவலாம்? சமபக்க முக்கோணம் பொருந்தும், சதுரம் பொருந்தும், ஒழுங்கு அறுகோணம் பொருந்தும். ஒழுங்கு ஐங்கோணம் ஏன் பொருந்துவதில்லை? ஐங்கோணத்தின் ஒரு கோணம் 108 பாகை. மூன்றைச் சேர்த்தால் 324, நான்கைச் சேர்த்தால் 432. 360 வருவதே இல்லை. கற்களை அடுக்கிப் பார்க்கும் சிறுவன் கோணங்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான். கோணங்களைப் பற்றிப் பேசுபவன் இணைகோடுகளைக் கண்டுகொள்கிறான். பார்வை நிலையிலிருந்து பண்புகளைக் காணும் நிலைக்கு வர 20 பாடவேளைகளும், அங்கிருந்து பண்புகளுக்கிடையே உறவு காணும் நிலைக்கு வர 50 பாடவேளைகளும் ஆயின என்று டீனா குறித்திருக்கிறார். இந்த இரு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வகுப்புகளில் இந்தப் பயணத்துக்கு எத்தனை பாடவேளைகள் ஒதுக்கப்படுகின்றன என்று நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஐந்து படிகள்

வடிவ கணிதச் சிந்தனை ஐந்து படிகளில் வளர்கிறது என்பது வான் ஹீலே கோட்பாட்டின் சாரம்.

முதற்படி தோற்றம். “இது ஏன் செவ்வகம்?” என்று கேட்டால் “கதவு மாதிரி இருக்கிறது” என்பது இப்படியின் விடை. இரண்டாம் படி பண்புகள். நான்கும் செங்கோணங்கள், எதிர்ப்பக்கங்கள் சமம், மூலைவிட்டங்கள் சமம் என்று மாணவர் அடுக்கிச் சொல்வார். ஆனால் அது வெறும் பட்டியல். ஒரு பண்பு மற்றொன்றிலிருந்து வருகிறது என்பதை அவர் காண்பதில்லை. மூன்றாம் படி உறவுகள். நான்கும் செங்கோணங்கள் என்று சொல்லிவிட்டாலே எதிர்ப்பக்கங்கள் சமமாகிவிடும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்பது இங்கேதான் விளங்கும். வரையறை என்பது எதற்காக என்பதும் இங்கேதான் புரியும். நான்காம் படி நிரூபணம். அடிகோள்களிலிருந்து தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் காரணம் காட்டித் தேற்றத்தை அடைவது இது. ஐந்தாம் படி, வேறு வேறு வடிவ கணித அமைப்புகளையே ஒப்பிட்டுப் பார்ப்பது. யூக்ளிடின் இணைகோட்டு அடிகோளை மாற்றி லொபச்செவ்ஸ்கியும் போல்யாயும் புதிய வடிவ கணிதம் படைத்தது இத்தகைய சிந்தனையால்தான்.

படிகளைத் தாண்டிக் குதிக்க முடியாது என்பது கோட்பாட்டின் முதல் வாதம். வயது ஏறுவதால் மட்டும் படி ஏறுவதில்லை, கற்பிக்கும் முறையால்தான் ஏறுகிறது என்பது இரண்டாவது. மூன்றாவது வாதமே மிக ஆழமானது: ஒவ்வொரு படிக்கும் தனி மொழி உண்டு. ஆசிரியர் ‘செவ்வகம்’ என்று சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது ஒரு வரையறை. மாணவர் மனத்தில் இருப்பது ஒரு கதவு. சொல் ஒன்றுதான், பொருள் இரண்டு. இருவரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாலும் ஒருவர் சொல்வது மற்றவருக்குச் சென்று சேராது.

சோவியத் ஒன்றியத்தில் 1960-களில் பாடத்திட்டத்தைத் திருத்தியபோது இக்கருத்துகளைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1970-களின் நடுவில்தான் இவை பரவலாகத் தெரியவந்தன. அங்கே ஷாரன் செங்க் என்பவர் 1,500-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் நிரூபணங்களை ஆராய்ந்து 1985-இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. ஓர் ஆண்டு முழுவதும் நிரூபணத்தோடு வடிவ கணிதம் படித்தவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே நிரூபணம் எழுதுவதில் போதிய தேர்ச்சி பெற்றிருந்தார்கள். முதல் படியிலோ இரண்டாம் படியிலோ நிற்பவரிடம் நான்காம் படியின் பாடத்தைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? மனப்பாடம் செய்வார். வேறு வழி அவருக்கு இல்லை. தேற்றத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் மாணவர், படத்தில் ABC என்ற எழுத்துகளை PQR என்று மாற்றியதும் திகைத்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

பெயரே செய்யும் குழப்பம்

வான் ஹீலே தம்பதியர் டச்சு மொழியில் கற்பித்தவர்கள். தமிழில் கற்கும் நாம் நம் மொழியையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்க் கலைச்சொற்கள் பெரும்பாலும் பொருள் சொல்லும் சொற்கள். இது நமக்கு வாய்த்த பேறு. ‘இணைகரம்’ என்ற சொல்லைக் கேட்டதும் இணையான பக்கங்கள் நினைவுக்கு வருகின்றன. ‘நாற்கரம்’ தன்னைத்தானே விளக்கிக்கொள்கிறது.

ஆனால் இதே பேறு சில இடங்களில் தொல்லையும் தருகிறது. ‘சாய்சதுரம்’ என்ற சொல்லைப் பாருங்கள். சாய்ந்திருக்கும் சதுரம் என்றுதான் காது கேட்கிறது. நான்கு பக்கங்களும் சமம் என்ற இலக்கணம் அந்தப் பெயரில் எங்குமே இல்லை. ஆகவே திருப்பி வைத்த சதுரத்தை மாணவர் சாய்சதுரம் என்கிறார். நிமிர்ந்து நிற்கும் சதுரமும் சாய்சதுர வகையைச் சேர்ந்ததே என்று சொன்னால், “அது சாயவே இல்லையே!” என்று வியக்கிறார். ‘இருசமபக்க முக்கோணம்’ என்ற பெயரோ, மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தை வெளியே நிறுத்துவது போல ஒலிக்கிறது. ‘அடிப்பக்கம்’ என்றதும் கண் படத்தின் கீழ்ப்பகுதியைத் தேடுகிறது. முக்கோணத்தின் எந்தப் பக்கத்தையும் அடிப்பக்கமாகக் கொள்ளலாம் என்ற உண்மை அந்த ‘அடி’ என்ற எழுத்துகளுக்கு அடியில் மறைந்து போகிறது.

இதற்காகச் சொற்களை மாற்ற வேண்டியதில்லை. பெயர் வேறு, இலக்கணம் வேறு என்று ஆசிரியர் வாய்விட்டுச் சொன்னால் போதும். பாடநூல்களும் வரையறைக்குக் கீழே ஒரு வரி சேர்த்து இதைச் சொல்லலாம்.

ஆசிரியராகப் போகிறவர்கள்

உங்கள் தாளுக்குத் திரும்புவோம். வரைபடத்தாள் இருந்தால் இன்னும் நல்லது. கிடைக்கோடு ஒன்றில் B என்ற புள்ளியையும், அதற்கு வலப்பக்கம் 3 கட்டம் தள்ளி C என்ற புள்ளியையும் குறியுங்கள். B-க்கு இடப்பக்கம் 2 கட்டம் சென்று, அங்கிருந்து 4 கட்டம் மேலே A-யைக் குறியுங்கள். மூன்றையும் இணைத்தால் B-யில் விரிகோணம் உள்ள முக்கோணம் கிடைக்கும். இப்போது A-யிலிருந்து BC-க்குக் குத்துயரம் வரையுங்கள்.

உங்கள் கோடு முக்கோணத்துக்கு உள்ளே விழுந்ததா? அப்படியானால் அது BC-க்குச் செங்குத்தாக இருக்க முடியாது. சரியான குத்துயரம் வெளியே, CB-யை இடப்பக்கம் நீட்டிய கோட்டின்மீது விழும். அதன் நீளம் 4; பரப்பளவு 3 × 4 ÷ 2 = 6 சதுரக் கட்டம். ஐயம் இருந்தால் சரிபார்க்கலாம். குத்துயரத்தின் அடியை D என்க. ADC என்ற பெரிய செங்கோண முக்கோணத்தின் பரப்பு 5 × 4 ÷ 2 = 10. ADB-யின் பரப்பு 2 × 4 ÷ 2 = 4. கழித்தால் 6.

1980-களில் இஸ்ரேல் நாட்டில் ரீனா ஹெர்ஷ்கோவிட்ஸ், ஷ்லோமோ வின்னர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய வினாக்களை மாணவர்களிடமும், ஆசிரியப் பயிற்சி பெறுவோரிடமும், பணியில் இருந்த ஆசிரியர்களிடமும் கொடுத்தார்கள். பலர் குத்துயரத்தை உள்ளேயே வரைந்தார்கள். இதில் நம் கவனத்துக்குரியது ஒன்று உண்டு: ஆசிரியர்களிடம் காணப்பட்ட பிழைகளும் மாணவர்களிடம் காணப்பட்ட பிழைகளும் ஒரே வகையாக இருந்தன. குத்துயரத்தின் வரையறையை ஒருவர் பிழையின்றிச் சொல்லக்கூடும். ஆனால் வரையும்போது கைக்கு வழிகாட்டுவது அந்த வரையறை அல்ல. சிறு வயதில் கரும்பலகையில் கண்டு மனத்தில் பதிந்துபோன ஒரு படம்தான்.

அமெரிக்காவில் ஜோவான் மேபெரி என்பவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களாக விரும்பிய 19 கல்லூரி மாணவர்களை நேரில் உசாவி 1983-இல் எழுதிய ஆய்வும் இதையே காட்டுகிறது. உயர்நிலைப் பள்ளியில் வடிவ கணிதம் படித்துவிட்டு வந்தவர்களிலும் பலர் பல கருத்துகளில் மூன்றாம் படியை எட்டியிருக்கவில்லை.

லிப்பிங் மா என்ற சீன-அமெரிக்க அறிஞர் 1999-இல் வெளியிட்ட நூலில் இன்னொரு சோதனை வருகிறது. ஒரு மாணவி ஓடிவந்து, “மூடிய உருவத்தின் சுற்றளவு கூடினால் பரப்பளவும் கூடும் என்று கண்டுபிடித்திருக்கிறேன்!” என்கிறாள். நீங்கள் ஆசிரியர். என்ன சொல்வீர்கள்? 23 அமெரிக்க ஆசிரியர்களையும் 72 சீன ஆசிரியர்களையும் அவர் கேட்டார். அமெரிக்க ஆசிரியர்களில் தாமே கணக்கில் இறங்கிச் சோதித்தவர்கள் மிகச் சிலரே. சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் தாமே ஆராய்ந்து விடை கண்டார்கள். விடை ஒன்றும் கடினமானதல்ல. பக்கம் 4 உள்ள சதுரத்தின் சுற்றளவு 16, பரப்பளவு 16. 9 நீளமும் 1 அகலமும் உள்ள செவ்வகத்தின் சுற்றளவு 20, பரப்பளவோ 9 மட்டுமே. ஒரே ஓர் எதிர்ச் சான்று போதும். அந்தப் பொதுக்கூற்று விழுந்துவிடும். ஆனால் எதிர்ச் சான்றைத் தேட வேண்டும் என்று தோன்றுவதற்கே ஒரு பழக்கம் வேண்டும்.

இங்கே யாரையும் குறை கூறுவதற்கில்லை. தோற்றத்தோடு நின்றுபோன மாணவர் தேர்வில் வெற்றி பெற்று ஆசிரியராகிறார். தாம் கண்ட படத்தையே கரும்பலகையில் வரைகிறார். அடுத்த தலைமுறை அதையே மனத்தில் பதித்துக்கொள்கிறது. இந்தச் சங்கிலியை அறுக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்: ஆசிரியப் பயிற்சி வகுப்பு.

கோட்பாட்டின் குறைகள்

இவ்வளவு பயன்படும் கோட்பாட்டில் குறையே இல்லையா? உண்டு.

முதலாவதாக, படிகள் உண்மையில் படிக்கட்டு போல இல்லை. மேபெரி கண்டபடியே ஒருவர் சதுரத்தில் ஒரு படியிலும், வடிவொப்பில் மற்றொரு படியிலும் நிற்கலாம். ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1991-இல், ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு படிகளை வெவ்வேறு அளவில் வளர்த்துக்கொண்டு வரக்கூடும் என்று காட்டினார்கள். ஐந்தாம் படியைச் சோதித்தறிவது கடினம் என்ற குறையும் சொல்லப்பட்டது. பியர் வான் ஹீலேயே தம் பிற்கால எழுத்துகளில் படிகளைச் சுருக்கி மூன்றாக அமைத்துக்கொண்டார். எனவே “இவன் முதற்படி மாணவன்” என்று நெற்றியில் முத்திரை குத்துவது கோட்பாட்டைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். படி என்பது ஒரு கருத்தில் ஒரு நேரத்தில் ஒருவரின் சிந்தனை நிற்கும் இடம். அவருடைய அறிவின் அளவு அன்று.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. சதுரத்தைச் செவ்வகம் என்று ஏற்றுக்கொண்டால் மூன்றாம் படி, மறுத்தால் அதற்குக் கீழ் என்று பல சோதனைத் தாள்கள் மதிப்பிடுகின்றன. இது சரியா?

யூக்ளிட் என்ன சொன்னார்?

உங்கள் தாளின் ஓரத்தில் நீங்கள் எழுதிய விடையைப் பாருங்கள். ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் வருந்த வேண்டாம். உங்கள் பக்கம் நிற்பவர் சாதாரணமானவர் அல்லர், யூக்ளிட்!

யூக்ளிடின் ‘மூலங்கள்’ நூலின் முதற் புத்தகத்தில் 22-ஆவது வரையறை நாற்கரங்களை வகைப்படுத்துகிறது. சதுரம் என்பது நான்கு பக்கமும் சமமாய், நான்கு கோணமும் செங்கோணமாய் இருப்பது. நீள்சதுரம் என்பது செங்கோணங்கள் உடையது, ஆனால் பக்கங்கள் எல்லாம் சமமல்லாதது. சாய்சதுரம் என்பது பக்கங்கள் சமமானது, ஆனால் செங்கோணம் இல்லாதது. இவ்வரையறைகளின்படி சதுரம் நீள்சதுரமும் ஆகாது, சாய்சதுரமும் ஆகாது. ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியில் இருக்கிறது. அப்படியானால் யூக்ளிடும் கீழ்ப்படியில் நின்றவரா?

நிச்சயமாக இல்லை. வரையறை என்பது நாம் செய்துகொள்ளும் ஏற்பாடு. பிரித்து வரையறுக்கலாம், சேர்த்தும் வரையறுக்கலாம். தென் ஆப்பிரிக்கக் கணிதக் கல்வியாளர் மைக்கேல் டி வில்லியர்ஸ் இதை வலியுறுத்தி எழுதியிருக்கிறார். பிரித்து வரையறுப்பது கணிதப் பிழை ஆகாது. கேட்க வேண்டிய கேள்வி, எது நமக்கு அதிகப் பயன் தருகிறது என்பதே.

இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக் கூறிடும் என்று ஒருமுறை நிரூபித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வகம், சாய்சதுரம், சதுரம் யாவும் இணைகரங்களே என்று ஏற்றால் அந்த முடிவு அவற்றுக்கும் உடனே கிடைத்துவிடும். தனித்தனிப் பெட்டிகளில் பூட்டி வைத்தாலோ அதே வேலையை நான்குமுறை செய்ய வேண்டும். யூக்ளிடே இதை உணர்ந்திருந்தார் என்றுதான் தோன்றுகிறது. வரையறைப் பட்டியலில் பிரித்தவர், நிரூபணங்களுக்கு வந்ததும் ‘செங்கோண இணைகரம்’ என்ற பரந்த சொல்லைக் கையாள்கிறார். கொடுத்த உருவத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரம் வரையும் முறையை இரண்டாம் புத்தகத்தின் 14-ஆவது மெய்க்கூற்றில் சொல்கிறார். அங்கே முதலில் ஒரு செங்கோண இணைகரம் வரைந்துவிட்டு, அதன் அடுத்துள்ள பக்கங்கள் சமமாக அமைந்துவிட்டால் வேலை முடிந்தது, சதுரம் கிடைத்துவிட்டது என்கிறார். அதாவது செங்கோண இணைகரம் சதுரமாகவும் இருக்கலாம்!

இன்று நம் பாடநூல்களில் செவ்வகம் என்பது நான்கும் செங்கோணங்களாக உள்ள இணைகரம். அந்த வரையறைப்படி சதுரம் செவ்வகமே. ஆனால் ஒரு மாணவர் “இல்லை” என்று சொன்னால், உடனே பிழை என்று கோடிடாமல், “செவ்வகம் என்று எதைச் சொல்கிறாய்?” என்று கேளுங்கள். “அது நீளமாக இருக்கும்” என்றால் அவர் தோற்றத்தைப் பார்க்கிறார். “செங்கோணங்கள் இருக்க வேண்டும், ஆனால் அடுத்துள்ள பக்கங்கள் சமமாக இருக்கக் கூடாது” என்றால் அவர் யூக்ளிடைப் போலச் சிந்திக்கிறார். இரண்டும் ஒரே ‘இல்லை’ தான். சோதனைத் தாள் இரண்டையும் ஒன்றாக மதிப்பிடும். நல்ல ஆசிரியர் அப்படி மதிப்பிட மாட்டார்.

செய்ய வேண்டியவை

ஆசிரியப் பயிற்சி வகுப்பில் முதலில் கேட்க வேண்டியது பயிற்சி மாணவர்களின் சொந்தப் படங்களைத்தான். அவர்கள் வரைந்த குத்துயரங்களை அவர்களே சேர்ந்து ஆராயட்டும். தம் பிழையைத் தாமே கண்டவர், குழந்தையின் பிழையைப் பார்த்து எரிச்சல்பட மாட்டார்.

கரும்பலகையில் வரையும் முக்கோணங்கள் சாயட்டும், கவிழட்டும், ஒல்லியாகட்டும். ‘இது செவ்வகம்’ என்று காட்டுவதோடு ‘இது ஏன் செவ்வகம் இல்லை’ என்றும் கேட்க வேண்டும். ஜியோஜிப்ரா போன்ற கணினி நிரல்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றில் செவ்வகத்தின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் அது ஒரு கணம் சதுரமாகி மீண்டும் செவ்வகமாகும். சதுரம் செவ்வகக் குடும்பத்தில் ஒன்று என்பதை இதைவிட அழகாகக் காட்ட முடியாது. ஆனால் ஓர் எச்சரிக்கையும் தேவை. முக்கோணத்தை நூறு விதமாக இழுத்தும் கோணங்களின் கூடுதல் 180 என்றே திரை காட்டினால், “இதற்கு நிரூபணம் எதற்கு?” என்று மாணவர் கேட்பார். கோணமானியால் அளப்பதும், மூலைகளைக் கிழித்து ஒட்டுவதும், திரையில் இழுப்பதும் ‘அப்படித்தான் இருக்கிறது’ என்று காட்டும். உச்சி வழியே எதிர்ப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரைந்து ஒன்றுவிட்ட கோணங்களைப் பார்த்தால்தான் ‘அப்படித்தான் இருந்தாக வேண்டும்’ என்பது விளங்கும். முன்னது பின்னதற்கு வழி; பின்னதற்கு ஈடாகாது.

மாணவ நண்பர்களே, தேற்றத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் அதன் படத்தைத் திருப்பி வரைந்து, எழுத்துகளை மாற்றி, மீண்டும் காரணம் சொல்ல முயலுங்கள். எந்த வரியில் தடுக்குகிறதோ, அந்த வரியில்தான் உங்கள் பாடம் தொடங்க வேண்டும். ஆசிரியராகப் போகும் நண்பர்களே, வகுப்பில் ஒரு குழந்தை சாய்ந்த சதுரத்தைக் காட்டி “இது சதுரம் இல்லை” என்று சொல்லும் நாள் ஒன்று வரும். அன்று விடையைச் சொல்லிவிடாதீர்கள். அந்தக் குழந்தையின் கையில் ஓர் அளவுகோலையும் ஒரு மூலைமட்டத்தையும் கொடுத்து, “அளந்து பார்த்துச் சொல்” என்று கூறுங்கள். அளந்து முடித்துத் தலை நிமிரும்போது அந்தக் குழந்தை இரண்டாம் படியில் கால் வைத்திருக்கும்.